உட்கார்ந்த வேலை

இரண்டு வழி இருக்கிறது என்று டாக்டர் அமிர்தலிங்கம் சொன்னபோது இருளப்பனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. ரிங்லெட்டில் விடியுமுன் பஸ் ஏறி, தாப்பாவில் வேறு பஸ் பிடித்து ஈப்போ வந்து சேரும்வரை, ஒரு வழியாவது இருக்குமா என்றுதான் அவன் கவலைப்பட்டுக்கொண்டு வந்தான்.

டாக்டர் இடது கையைக் குழித்துப் பிடித்தார். வலது கையை மூடி அதற்குள் வைத்தார்.

“எல்லாருக்கும் இடுப்பு மூட்டு இப்படி. பந்து கிண்ணத்துக்குள் இருக்கும்.”

பிறகு குழித்த கையைப் பாதி விரித்தார். மூடிய கை வெளியே வழுக்கியது.

“உங்கள் மனைவிக்கு இப்படி. பிறக்கும்போதே கிண்ணம் ஆழமில்லை. முப்பத்திரண்டு வருஷமாக விளிம்பிலேயே நடந்திருக்கிறார்.”

வடிவம்மாள் டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இடது பக்கம் சாய்ந்துதான் நடந்தாள். தோட்டத்தில் அவளுக்குச் சாய்ஞ்ச வடிவு என்று பெயர். அந்தப் பெயரோடு பதினைந்து வயதில் தேயிலை எடுக்கப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு இருளப்பன் பழைய சிலிப்பரை வெட்டி அவளுடைய இடது ரப்பர் பூட்ஸுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தான். சாய்வு கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு வலி வந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் மாத்திரை கொடுத்தார். நான்கு வருஷம் கொடுத்தார்.

“முதல் வழி, கிண்ணத்துக்கு மேலே உள்ள எலும்பை வெட்டி நகர்த்துவது” என்றார் டாக்டர். “மேல் எலும்பு பந்துக்குக் கூரை மாதிரி வந்துவிடும். சொந்த எலும்பு, சொந்த மூட்டு. இரண்டு மாதம் மாவுக்கட்டு. நான்கு மாதம் கக்கத்துக் கட்டை. அதற்குப் பிறகு மேடு ஏறலாம், வேலை செய்யலாம். பத்து வருஷம் தாங்கும். பதினைந்தும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.”

“இன்னொன்னு?” என்றான் இருளப்பன்.

“பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு இரும்பும் பிளாஸ்டிக்கும் வைப்பது. இரண்டு வாரத்தில் நடப்பார். வலி போய்விடும். ஆனால் அது அறுபது வயதுக்காரர்களுக்குச் செய்வது. இவருக்கு வைத்தால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தேய்ந்துவிடும். மறுபடி வெட்ட வேண்டும். இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி வராது. அதோடு, குந்தக் கூடாது. சுமை தூக்கக் கூடாது. மலைச்சரிவில் வேலை கூடாது. அப்படித்தான் கடிதம் எழுதுவேன்.”

இருளப்பன் வடிவம்மாளைப் பார்த்தான். அவன் தோட்டத்து ஆள் இல்லை. லெம்பா பெர்த்தாமில் தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் காய்கறி லோரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். லயத்து வீடு வடிவம்மாளின் அப்பா செல்லையாவின் பேரில் இருந்தது. அவர் செத்தபிறகு அவள் பேருக்கு வந்தது. அவள் பேர் தோட்டத்துப் புத்தகத்தில் இருக்கும்வரை வீடு. பேர் போனால் வீடும் போகும். அவனும் இரண்டு பிள்ளைகளும் அவள் பேருக்குள்தான் குடியிருந்தார்கள்.

“வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்” என்றார் டாக்டர்.

“பேச என்னா இருக்கு டாக்டர்?” என்றாள் வடிவம்மாள். “நம்ம எலும்பே இருக்கட்டும். எங்க ஊரு மழையில இரும்பு துருப் புடிச்சிரும்.”

டாக்டர் சிரித்தார். இருளப்பனும் சிரித்தான்.

பிறகு டாக்டர் எக்ஸ்ரே படத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டார். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருந்தது. நூல் கனம்.

“இதுதான் மிச்சமிருக்கிற குருத்தெலும்பு. படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. இது இருக்கிறவரைதான் முதல் வழி. இந்த வெட்டைச் செய்கிற சர்ஜன் கோலாலம்பூரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். போன வாரம்தான் வந்து போனார். இனி பத்தாம் மாதம். அதுவரை மேடு ஏற வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். மூட்டைக் காப்பாற்றி வைத்திருங்கள்.”

“காப்பாத்திருவோம் டாக்டர்” என்றான் இருளப்பன். அது எண்பத்திரண்டாம் வருஷம், மூன்றாம் மாதம்.

லயத்தில் செய்தி அன்று மாலையே பரவியது. பக்கத்து வீட்டு வேலாயி கையில் காப்பியோடு வந்து வாசலில் நின்றாள்.

“ஆறு மாசம் மாவுக்கட்டும் கட்டையுமாவாடி? எனக்கும் ஒரு இடுப்பு பாத்துக் குடுக்கச் சொல்லேன். ஆறு மாசம் காலை நீட்டிக்கிட்டுப் படுக்கலாம்.”

“வெட்டுறப்ப நீ படு. நீட்டுறப்ப நான் படுத்துக்கிறேன்” என்றாள் வடிவம்மாள்.

“ஆறு மாசத்துக்குப் பேரு நிக்குமா?”

“ஆபீஸ் கிராணியைக் கேட்டாச்சு. டாக்டர் லெட்டர் இருந்தா ஆறு மாசம் நிக்குமாம். ஏழாம் மாசம் வந்து நின்னா மூஞ்சியைப் பாக்க மாட்டாராம்.”

“அவரு மூஞ்சியை யாரு பாக்கப் போறா லா.”

ஆறு மாதம் சரியாக இருந்தது. அறுவைக்குப் பிறகு ஆறு மாதம். ஆனால் அதற்கு முன்னால் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் மேடு ஏறக் கூடாது என்றால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்க இருளப்பனுக்குத் தோன்றவில்லை. வடிவம்மாள் தேயிலை எடுக்கும் நிரை பதினோராம் நம்பர் மலையில் இருந்தது. கூடையில்லாமல் ஏறினாலே மூச்சு வாங்குகிற மலை.

ஒரு வாரம் யோசித்தான். பிறகு ஒரு கூடைத் தக்காளியோடு கங்காணி பக்கிரிசாமியின் வீட்டுக்குப் போனான்.

“வாய்யா வீட்டோட மாப்பிள்ளை” என்றார் கங்காணி. “தக்காளியெல்லாம் பலமா இருக்கு. யாருக்குக் கல்யாணம்?”

“வடிவு விசயமா வந்தேன் கங்காணி. மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாரமும் தூக்கக் கூடாதாம்.”

“மேடு ஏறாம, பாரம் தூக்காமத் தேயிலை எடுக்கணும்னா, டப்பாவுல படம் போட்டிருக்கானே ஒரு பொம்பளை, அவளாலதான் முடியும்.”

“நாத்து நர்சரியில போட்டீங்கன்னா…”

“நர்சரியா?” கங்காணி ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்தார். “நர்சரிக்கு எத்தனை பேரு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாளுங்க தெரியுமா? நெழலு. காத்து இல்ல. அட்டை இல்ல. உக்காந்த வேலை. முப்பது வருசம் மலையில கெடந்தவளுங்க கேட்டே குடுக்கல.”

“பத்தாம் மாசம் வரைக்குந்தான் கங்காணி.”

“போய்ட்டு வா. பாப்போம்.”

இரண்டாவது தடவை முட்டைக்கோசோடு போனான். கங்காணி வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னாள். உள்ளே கங்காணி இருமுவது கேட்டது. கோசை வைத்துவிட்டு வந்தான். மூன்றாவது தடவை வெறுங்கையோடு போனான். வாசலில் நின்றான். கங்காணி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை நின்றான்.

“உன் மூஞ்சியைப் பாத்தா சாப்புட்டது செரிக்க மாட்டேங்குதுய்யா” என்றார் கங்காணி. “திங்கக்கெழமை அனுப்பு. மகாராணி மாதிரி உக்காந்து மண்ணு அள்ளிப் போடட்டும்.”

லயத்துப் படிகளை இருளப்பன் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். மழை பெய்துகொண்டிருந்தது. வடிவம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

“கெடைச்சிருச்சு” என்றான்.

“நெசமாவா? பக்கிரிசாமி குடுத்தாரா?”

“திங்கக்கெழமையிலேருந்து.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கென்று அவன் வாங்கிக் கொடுத்த பெரிய பொருள் அதுதான். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

நர்சரி தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் சமதரையில் இருந்தது. மேலே கறுப்பு வலை. நடுவில் சலித்த மண் குவியல். பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். முழங்கால் இரண்டும் நெஞ்சோடு ஒட்ட, நடுவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. மண்ணை அள்ளிப் பையில் போட வேண்டும். தட்டி இறுக்க வேண்டும். ஒற்றை இலையோடு வெட்டி வைத்த தேயிலைக் குச்சியை அதில் ஊன்ற வேண்டும். அடுத்த பை. வரிசை நகர நகர ஆளும் நகர வேண்டும். எழுந்து நகர்ந்தால் நேரம் போகும். குந்தியபடியே பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் யாரும் சம்மணமிட்டு உட்காருவதில்லை.

முதல் நான்கைந்து வாரம் வடிவம்மாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மேடு இல்லை. கூடை இல்லை. மூச்சு வாங்கவில்லை.

“வேலாயி என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறா” என்றாள். “என்னா மகாராணி, வேலையா, விருந்தான்னு கேக்குறா.”

“கேக்கட்டும். பத்தாம் மாசம் வரைக்கும் ராணியா இரு.”

ஆறாம் மாதம் தொடை இடுக்கில் ஏதோ பிடிக்கிறது என்றாள். ஏழாம் மாதம் எழுந்திருக்கும்போது வலையைத் தாங்குகிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதலில் இடுப்பு பாதி நிமிரும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு மீதி நிமிரும். எட்டாம் மாதம் படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. திரும்ப வேண்டுமானால் அவனை எழுப்புவாள். அவன் அவள் காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைப்பான்.

“உக்காந்த வேலையிலயே இப்படின்னா, மலையில இருந்திருந்தா என்னா ஆயிருப்பேன்” என்றாள் ஒரு நாள்.

“அதைத்தான் நானும் நெனச்சேன்” என்றான் இருளப்பன்.

இருவரும் அதை நம்பினார்கள். வலி கூடக் கூட, நர்சரி கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்றுதான் தோன்றியது. அவன் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தான். டிரஸ்ஸரிடம் கூடுதல் மாத்திரை வாங்கி வந்தான். வேலையை மாற்றிக் கேட்கலாமா என்று ஒரே ஒரு தடவை அவள் ஆரம்பித்தாள்.

“எதுக்கு மாத்திக் கேக்குறது? மலைக்கா?”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

“இன்னும் ரெண்டு மாசந்தான் வடிவு.”

“ஆமா” என்றாள். “நீங்க கங்காணி வாசல்ல நின்னது எனக்குத் தெரியாதா.”

பத்தாம் மாதம் நான்காம் தேதி ஈப்போ போனார்கள். பஸ்ஸிலிருந்து அவளை இறக்க டிரைவரும் கை கொடுத்தார்.

இந்தத் தடவை அறையில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். கோலாலம்பூர் சர்ஜன் சீனர். வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். விளக்குப் பெட்டியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். இருளப்பன் கறுப்புக் கோட்டைத் தேடினான். பழைய படத்தில் இருந்தது. புதிய படத்தில் வெள்ளையும் வெள்ளையும் தொட்டுக்கொண்டிருந்தன. வெளிச்சம் சரியில்லையோ என்று நினைத்தான்.

சர்ஜன் வடிவம்மாளின் காலை மடக்கினார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். அவர் உடனே விட்டுவிட்டார். அமிர்தலிங்கத்திடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அமிர்தலிங்கம் பதில் சொன்னார். மறுபடி அவர் ஏதோ சொன்னார். இருளப்பன் முகம் முகமாகப் பார்த்தான்.

“மலை ஏறினாரா?” என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

“இல்லீங்க டாக்டர். அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு அடுத்த மாசத்துலேருந்து ஒரு நாளும் ஏறல.”

“சுமை?”

“ஒரு கொடம் தண்ணி தூக்க விடல. வேலையையும் மாத்திட்டேன். கங்காணிகிட்ட நடையா நடந்து உக்காந்த வேலை வாங்கிட்டேன்.” சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“நாற்காலியிலா?”

“இல்லீங்க. கீழ.”

“கீழே என்றால்?”

சொல்லிப் புரிய வைக்க அவனுக்குத் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தினான். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்தான். நடுவில் ஒரு பை இருப்பதுபோல் கையை வைத்தான். மண்ணை அள்ளிப் போட்டான், தட்டினான். பிறகு குந்தியபடியே பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்தான். இன்னொரு எட்டு.

“இப்படி” என்றான்.

“எத்தனை மணி நேரம்?”

“காலையில ஆறரைக்குப் பெரட்டுல பேரு கூப்புடுவாங்க. ஏழு மணிக்கு உக்காந்தா ரெண்டு ரெண்டரை வரைக்கும்.”

“எத்தனை மாதம்?”

“ஆறு.”

சர்ஜன் ஏதோ கேட்டார். அமிர்தலிங்கம் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். சர்ஜன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைத்தார். இருளப்பனை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் தரையிலிருந்து நிமிர்ந்து வடிவம்மாளைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அதனாலதானா டாக்டர்?”

“அப்படி அறுதியாகச் சொல்ல முடியாது” என்றார் அமிர்தலிங்கம். “மலையில் இருந்திருந்தாலும் தேய்ந்திருக்கலாம். நான் மேடு என்றேன், பாரம் என்றேன். இதைச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவில்லை.” அவனிடம் கை நீட்டினார். “எழுந்திருங்கள்.”

இருளப்பன் எழுந்தான். அவனுக்கு ஒரு வலியும் இல்லாமல் எழ முடிந்தது.

முதல் வழி இனி இல்லை என்று டாக்டர் சொன்னார். குருத்தெலும்பு இல்லாத மூட்டுக்குக் கூரை போட்டுப் பயனில்லை. இரும்பு வைக்கலாம். அல்லது நாற்பது, நாற்பத்தைந்து வயதுவரை எப்படியாவது தள்ளிவிட்டுப் பிறகு வைக்கலாம். தள்ளினால் பிற்பாடு வெட்டுகிற தடவைகள் குறையும். இரும்புக்கும் சர்ஜன் சம்மதிக்கிறார். நாளை மறுநாள் அவர் இங்கே இருப்பார். இவருக்கென்று ஒதுக்கிய நேரம் அப்படியே இருக்கிறது. மத்தியானத்துக்குள் சொன்னால் போதும்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. வடிவம்மாள் அதன் ஓரத்தில் இடது காலை நீட்டிக்கொண்டு பாதி உட்கார்ந்தாள். இருளப்பன் நின்றான்.

“நான்தான்…” என்று ஆரம்பித்தான்.

“வாயை மூடுங்க. இங்க அழுது வைக்காதீங்க, சனங்க பாக்குது.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரில் பல் துலக்குவது பற்றிய படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தான்.

“நாப்பத்தஞ்சுன்னா இன்னும் பதிமூணு வருசம்” என்றாள் அவள்.

“டிரஸ்ஸர்கிட்ட நல்ல மாத்திரையாக் கேக்கலாம். ஸ்டூலு ஒண்ணு அடிச்சுத் தர்றேன். நர்சரியில ஸ்டூலு போட்டு…”

“மண்ணு கீழ இருக்கு. பை கீழ இருக்கு. நான் மட்டும் ஸ்டூல்ல இருந்து என்னா பண்ண? பாட்டுப் பாடவா?”

“கங்காணிகிட்ட…”

“அவருகிட்டப் போகாதீங்க” என்றாள். “இனிமே யாருகிட்டயும் போகாதீங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு கிழவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி திரும்பும்வரை வடிவம்மாள் பார்த்தாள்.

“இரும்பு வச்சா வலி போயிரும்னாருல்ல?”

“போயிரும்னாரு. ஆனா மலையும் கெடையாது, நர்சரியும் கெடையாது. அப்படித்தான் லெட்டர் எழுதுவாராம். லெட்டரைப் பாத்தா பேரை எடுத்துருவாங்க வடிவு. பேரு போனா வீடு.”

“தெரியும்.”

“பத்து வருசத்துல மறுபடி வெட்டணும். ரெண்டாவது தடவை…”

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“அப்ப?”

அவள் நீட்டிய காலைப் பார்த்தாள். நேற்று அந்தக் காலுக்கு மூத்த மகள்தான் நகம் வெட்டிவிட்டாள்.

“மூணு மாசமா நான் தூங்கல” என்றாள். “உங்களை எழுப்புறேன், நீங்க திருப்பிப் போட்டுட்டுத் தூங்கிருவீங்க. நான் முழிச்சிருப்பேன். இப்படியே பதிமூணு வருசம் எப்படி இருப்பேன்? வீட்டைக் காப்பாத்திக்கிட்டு அதுக்குள்ள முழிச்சிக்கிட்டே கெடக்கவா?”

வேண்டாம் என்று சொல்ல இருளப்பனுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. சொல்லத்தான் உரிமை இல்லை என்று பட்டது. சரி என்று சொல்லவும் அதே உரிமை வேண்டியிருந்தது.

“நீ சொல்றதுதான்” என்றான்.

“என்னைத் தூக்கி விடுங்க. நானே சொல்றேன்.”

அவள் சொன்னாள். தாளில் அவனும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். காட்டிய இடத்தில் போட்டான்.

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் அவன் கடிதத்தோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனான். பெரிய கிராணி தங்கையா நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“இதுல என்னா எழுதியிருக்குன்னு தெரியுமாப்பா உனக்கு?”

“தெரியுமுங்க ஐயா.”

“இப்படி எழுதாம, ஆறு மாச லீவுன்னு மட்டும் எழுதச் சொல்லி வாங்க முடியாதா?”

“கேட்டுட்டேன் ஐயா. பொய் எழுத மாட்டேன்னுட்டாரு.”

“அவரு சொல்றதும் நியாயந்தான்.” கிராணி கடிதத்தை மேசையில் வைத்து அதன் மேல் கண்ணாடிக் கட்டியை வைத்தார். “மலை கூடாது, சொமை கூடாது, குந்தக் கூடாது. இங்க பொம்பளைங்களுக்கு இருக்குற வேலையே இந்த மூணுதான்.”

“ஃபேக்டரியில?”

“ஃபேக்டரியிலேருந்து ஆளைக் கொறைச்சு மலைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கோம்.”

“என் பேரைப் போட்டுக்குங்க ஐயா. மலையோ மருந்தடிக்கிறதோ, எதுன்னாலும் செய்றேன்.”

“கொழுந்து வெட்டுற கத்தரிக்கோலு வந்ததிலேருந்து பத்து ஆளு வேலையை நாலு ஆளு பாக்குது. புதுப் பேரு எடுத்து ரெண்டு வருசம் ஆச்சு.” கிராணி அவனைப் பார்க்காமல் சொன்னார். “ஒண்ணாம் மாசம் முடிய இருங்க. புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசம் ஆயிரும். அதுக்கு மேல என்னால முடியாது. துரைகிட்ட நான் சொல்லிப் பாக்குறேன்.”

சொல்லிப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இருளப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். ஆபீசுக்குப் பின்னால் கறுப்பு வலைக்கு அடியில் பெண்கள் குந்தியிருந்தார்கள். வடிவம்மாளின் இடத்தில் வேலாயி இருந்தாள். அவனைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்.

“எப்படி இருக்கா?” என்று கத்தினாள்.

“நல்லா இருக்கா” என்றான்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றான். உன் இடுப்பு நல்ல இடுப்பா என்று கேட்பதா? எழுந்திரு என்று சொல்வதா? வேலாயி அதற்குள் அடுத்த பைக்கு நகர்ந்துவிட்டாள்.

எட்டாம் நாள் மறுபடி ஈப்போ போனான். பிள்ளைகளைப் பெர்த்தாமிலிருந்து வந்திருந்த தன் தங்கை சாரதாவிடம் விட்டிருந்தான். வார்டில் வடிவம்மாளின் கட்டில் காலியாக இருந்தது. அவன் தாதியைத் தேடித் திரும்பினான்.

“அங்க பாருங்க” என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கை காட்டினாள். “காலையிலேருந்து அந்தம்மா கட்டில்ல இல்ல. எங்களையெல்லாம் எண்ணிக்கிட்டு நடக்குது.”

வடிவம்மாள் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் நடுவில் வந்துகொண்டிருந்தாள். சட்டத்தைத் தூக்கி வைத்தாள். ஒரு அடி. மறுபடி. எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் மலாய்த் தாதி ஒருத்தி பக்கத்தில் நடந்து, “பெலான், பெலான்” என்று நிதானப்படுத்திக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் நேராக இருந்தாள். இருளப்பன் அவளை நேராகப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள். வேறு யாரோ போல் இருந்தது.

“வந்துட்டீங்களா!” என்றாள். “வலி இல்லீங்க.”

“இல்லியா?”

“வெட்டுன எடம் வலிக்குது. அது வேற வலி. உள்ள இருந்துச்சே, அது இல்ல. போயிருச்சு. நேத்து சாயங்காலம் கண்ணை மூடுனேன். மிஸ்ஸி வந்து எழுப்புறா, விடிஞ்சிருச்சு.” அவள் முகம் இளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள். “புள்ளைங்க சாப்புட்டாங்களா?”

“சாரதா பாத்துக்கிறா.”

“கிராணி என்னா சொன்னாரு?”

சட்டைப் பையில் கிராணி தேதி போட்டுக் கொடுத்த ஆபீஸ் தாள் இருந்தது. இன்னொரு நாள் சொல்லலாம் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

“துரைகிட்ட சொல்லிப் பாக்குறேன்னாரு.”

“எப்ப வரைக்கும் இருக்கலாமாம்?”

அவன் அவளைப் பார்த்தான். “ஒண்ணாம் மாசம் முடிய.”

அவள் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. உதடு கொஞ்சம் அசைந்தது. எதையோ கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தான். பிறகு தலையை ஆட்டினாள்.

“பெர்த்தாம்ல தவுக்கே கொட்டாய்ல எடம் இருக்கும்ல?”

“கேக்கணும்.”

“அங்க கக்கூசு குந்துற கக்கூசுதானே?”

“ஆமா.”

“சரி” என்றாள். “இருங்க. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். மத்தியானத்துக்குள்ள ஆறு நடை போகணும்னு மிஸ்ஸி சொல்லியிருக்கா. இது நாலாவது.”

அவள் சட்டத்தைத் திருப்பினாள். திரும்பும்போது உடம்பு லேசாக ஆடியது. இருளப்பன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனான். தாதி நடுவில் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தொடக் கூடாதாம். பிடித்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாராம். தானாகத்தான் நடக்க வேண்டுமாம்.

வடிவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தைத் தூக்கி வைத்தாள். ஒரு அடி. தூக்கி வைத்தாள். கட்டில்களைத் தாண்டி ஜன்னல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். இருளப்பன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.